அவைத்தலைமை: நாற்காலியும் அதில் அமர்வோரும்

தமிழ்நாட்டில் இலக்கியக் கூட்டத்துக்கென அச்சாகும் அழைப்பிதழ் எதையும் எடுத்துப் பார்க்கலாம். வரவேற்புரை, தலைமை, முன்னிலை, சிறப்புரை, நன்றியுரை என்னும் வரிசை பெரும்பாலும் மாறுவதில்லை. இவற்றுள் 'முன்னிலை' என்பது தமிழர் கண்ட தனி ஏற்பாடு. தலைமை தர இயலாத பெரியவருக்கு மனக்குறை நேராதிருக்க ஓர் இருக்கை வேண்டும். அதற்கொரு பெயரும் வேண்டும். 'தலைமை' என்ற இடத்தில் பெயர் பெறுபவரோ கல்லூரி முதல்வராகவோ, மருத்துவராகவோ, வேலூர், ஆம்பூர்ப் பக்கமாயின் தோல் தொழிலதிபராகவோ இருப்பார். அவர் பிந்தி வருவார். நீண்ட நேரம் பேசுவார். கவியரங்கம் தொடங்குமுன் விடைபெற்றுச் செல்வார். அவர் சென்றபின் கூட்டத்தை நடத்துபவர் செயலாளரே. ஆயினும் மறுநாள் செய்தியில் 'தலைமையில் நடைபெற்றது' என்றே வரும்.

மாலை அணிவித்துப் பொன்னாடை போர்த்தி முடியும் கூட்டங்களில் இதனால் பெருங்கேடு ஒன்றுமில்லை. கருத்து மாறுபட்டோர் கூடித் தீர்மானம் ஒன்றை எடுக்கவேண்டிய அவையில்தான் சிக்கல் எழுகிறது. அங்குத் தலைமை என்பது சிறப்பன்று, வேலை. இப்போது யார் பேசலாம், எதைப் பற்றிப் பேசலாம், அவை என்ன முடிவு செய்தது என்று மூன்றையும் ஒருவர் சொல்லியாகவேண்டும். அவர் சொல்லை ஏனையோர் ஏற்றாகவேண்டும். அந்த ஒருவர் யார்? கூட்டத்தைக் கூட்டியவரா, கூடியோரில் பெரியவரா, கூடியோர் தேர்ந்தவரா? அவரைப் பற்றியே வழக்கு எழுந்தால் அப்போது நாற்காலி யாருடையது? தமிழக வரலாற்றில் இக்கேள்வி ஏட்டளவில் நின்றுவிடவில்லை. ஒருமுறை சட்டப்பேரவைக்குள்ளேயே இரண்டு நாற்காலிகளாக அது எழுந்து நின்றது. அந்த நாளுக்கு வருமுன் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

அவை பற்றிய சிந்தனை தமிழுக்குப் புதிதன்று. வள்ளுவர் அமைச்சியலில் 'அவை அறிதல்', 'அவை அஞ்சாமை' என இரண்டு அதிகாரங்களை வைத்தார். கூர்ந்து நோக்கின் இரண்டும் அவைமுன் நின்று பேசுவோனுக்கு உரியவை. அவையை நடத்துவோனுக்கென்று தனி அதிகாரம் இல்லை. மன்னன் வீற்றிருக்கும் அவையில் தலைமை யாருடையது என்ற வினா எழ வழியில்லாமற் போனது இதற்குக் காரணமாகலாம். ஆயினும் இலக்கிய அவைகளில் அரசனும் ஒதுங்கி நின்ற இடங்கள் உண்டு. தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் செய்த பாயிரம், அந்நூல் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்து அரங்கேறியதைச் சொல்கிறது. அவை பாண்டியனுடையது, நூலைக் கேட்டு ஏற்பவர் அதங்கோட்டாசான். இடம் தந்தவர் ஒருவர், தீர்ப்பவர் மற்றொருவர் என்னும் பிரிவு அங்கேயே தெரிகிறது.

இறையனார் களவியல் உரையில் வரும் கதை இதனினும் நுட்பமானது. சங்கப் புலவர் நாற்பத்தொன்பதின்மரும் தனித்தனியே உரை கண்டு, தத்தம் உரையே சிறந்தது எனக் கலாய்த்தபோது, தமக்கொரு காரணிகன் வேண்டும் என்று அரசனை நாடினர். இறுதியில் அவர்களுக்குக் கிடைத்தவன் உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மன். ஐந்து வயதுப் பிள்ளை, அதிலும் வாய் பேசாதவன். அவனை உயர்ந்த இருக்கையில் அமர்த்திப் புலவர்கள் உரை சொன்னார்கள். மருதன் இளநாகனார் உரைக்குச் சில இடங்களிலும், நக்கீரர் உரைக்குப் பதந்தோறும் அவன் கண்ணீர் வார்த்தான் என்பது கதை. கதை நிகழ்ந்ததா என்பது இங்கு வினாவன்று. தம்முள் யாரையும் தலைமைக்கு ஏற்கமாட்டாத புலவர் கூட்டம், தன் கட்சி என்று ஒன்றைப் பேசவே இயலாத ஒருவனை அவ்விருக்கைக்குத் தேடியதே நோக்கத்தக்கது. புலவர்களைக் கூட்டி அவை நடத்தியவர்கள் இக்கதையின் அருமையை எளிதில் உணர்வார்கள்.

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளிலும் ஒரு பிள்ளை வருகிறான். முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரிய அக்கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிவாக உரைக்கின்றன. முப்பது குடும்புகள், ஓலையில் பெயர் எழுதப்பெறுவோர்க்குச் சொந்த மனை, நிலம், வயது, கல்வி என வரையறைகள், முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் தடை. இவை பாடநூல்களில் வந்துவிட்டன. பாடநூல்கள் விட்டுவிடும் பகுதி, அத்தேர்தலை நடத்துவோர் பற்றியது. நம்பிமாரில் மூத்தவர் எல்லாரும் காணக் குடத்தை உயர்த்தி நிற்பார். உள்ளடக்கம் அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் அதை ஏற்றுப் படிப்பான். கையை விரிக்கச் சொன்ன அந்த ஒரு விதியில் ஊரார் பட்ட அனுபவம் எத்தனை இருக்கும்! விரல்களை மடக்கிய மத்தியஸ்தர்கள் முன்பு இருந்திருக்கவேண்டும். அந்தச் சபை பிராமணச் சபை என்பதையும், ஊரில் உழைத்தோரில் மிகப்பலருக்கும் பெண்டிருக்கும் அதில் இடமில்லை என்பதையும் மறந்துவிட்டுப் பெருமை பேசுவது முறையன்று. ஆனால் நடத்துபவன் நடுவில் நிற்பவன், அவன் கையில் ஒளிப்பதற்கு ஒன்றும் இருத்தலாகாது என்ற தெளிவு அங்கிருந்தது.

இங்கிலாந்தில் இந்நாற்காலி வேறு வழியில் வளர்ந்தது. மக்களவைத் தலைவரை 'ஸ்பீக்கர்', அதாவது பேசுபவர் என்றே அவர்கள் அழைத்தனர். அவையின் கருத்தை அரசனிடம் சென்று பேசுபவர் என்பதே பொருள். அவைக்குள் அவர் பேசுவதில்லை. 1377இல் தாமஸ் ஹங்கர்ஃபோர்டு முதலாகப் பெயர் பெற்ற இப்பதவி, 1642 ஜனவரி 4ஆம் நாள் தன் பொருளை முழுதாகக் கண்டது எனலாம். ஐந்து உறுப்பினரைச் சிறைபிடிக்கப் படைவீரருடன் வந்த முதலாம் சார்லஸ் மன்னர், அவைத்தலைவர் நாற்காலியைச் சற்றுக் கடனாகத் தரும்படி கேட்டு அதனருகே நின்று, அந்த ஐவர் எங்கே என்று வினவினார். வில்லியம் லெந்தால் மண்டியிட்டு, இவ்வவை பணித்தாலன்றிக் காணக் கண்ணும் பேச நாவும் தமக்கு இல்லை என்ற கருத்தில் விடை கூறினார். மன்னர் வெறுங்கையோடு திரும்பினார். உருத்திரசன்மன் பிறவியில் பெற்றதை லெந்தால் பதவியால் பெற்றார் போலும்.

அவையை நடத்தத் தெரியாமல் திகைத்த ஒருவரால் இதற்கொரு விதிநூல் வந்தது என்பதும் சுவையானதே. அமெரிக்கப் படைப் பொறியாளர் ஹென்றி மார்ட்டின் ராபர்ட் 1863இல் நியூ பெட்ஃபோர்டு நகரில் ஒரு திருச்சபைக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்கும்படி கேட்கப்பட்டார். கூட்டம் குழம்பிற்று; அவருக்கு ஒன்றும் செய்ய இயலவில்லை. அந்த நாணம் அவரைப் படிக்க வைத்தது. 1876இல் அவர் வெளியிட்ட விதிநூலையே உலகின் பல சங்கங்கள் இன்றும் கைக்கொள்கின்றன. தலைவர் ஒருவரைக் கண்டிக்கும் அல்லது நீக்கும் முன்மொழிவு வந்தால் அதை அவரே நடத்தலாகாது, துணைத்தலைவர் நடத்தவேண்டும் என்பது அம்மரபில் ஊன்றிய நெறி. கேட்க எளிதாகத் தோன்றும் இவ்விதி, நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்கு எத்துணைக் கடினமானது என்பதைப் பின்னர்க் காண்போம்.

இந்தியாவில் இதன் முதற்பாடம் சூரத்தில் நடந்தது. 1907 டிசம்பர் இறுதியில் கூடிய அக்காங்கிரசுக்குச் சென்னை மாகாணத்திலிருந்து வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய பாரதியும் சென்றிருந்தனர். மிதவாதிகள் ராஷ் பிஹாரி கோஷைத் தலைவராக்க விரும்பினர். திலகர் அணியினர் அதை ஏற்கவில்லை. வரவேற்புக் குழுத் தலைவர் மால்வி கூட்டத்தை நடத்திக்கொண்டிருந்தார். முதல் நாள் கூச்சலில் கலைந்தது. 27ஆம் நாள், தலைவர் தேர்தல் தொடர்பாகத் தாம் முன்மொழிவு ஒன்றைக் கொண்டுவர அறிவிப்புக் கொடுத்திருப்பதாகக் கூறித் திலகர் மேடை ஏறினார். கோஷ் தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டார், இனி இடமில்லை என்றது மேடை. பேராளர்களிடமே முறையிடுவேன் என்று திலகர் நகராமல் நின்றார். எங்கிருந்தோ பறந்து வந்த செருப்பு ஃபெரோஸ்ஷா மேத்தா மீதும் சுரேந்திரநாத் பானர்ஜி மீதும் பட்டது, நாற்காலிகள் வீசப்பட்டன, காவலர் வந்து பந்தலைக் காலி செய்தனர்.

சூரத்தைக் கொள்கைப் பிளவாக மட்டுமே வரலாறு எழுதிவருகிறது. கொள்கைப் பிளவுதான். ஆயின் அது வெடித்த இடம் நடைமுறை பற்றிய ஒரு கேள்வி: தலைவர் இன்னும் அமராத அவையில், தலைவர் யார் என்பதே வழக்காயிருக்கும்போது, தீர்ப்புச் சொல்பவர் யார்? மால்வி ஒரு பக்கத்தைச் சேர்ந்தவர் என்பதில் மறுபக்கத்தாருக்கு ஐயமே இல்லை. விரித்த உள்ளங்கை அங்கு இல்லை.

சட்டமன்றங்களில் நாற்காலி முதலில் அரசினருடையதாகவே இருந்தது. 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த சென்னைச் சட்டமன்றத்தின் முதல் தலைவர், கொச்சியிலும் திருவிதாங்கூரிலும் திவானாக இருந்த பி. ராஜகோபாலாச்சாரி, ஆளுநரால் அமர்த்தப்பட்டவர். முதல் நான்காண்டுக்கு அமர்த்தல், பிறகு தேர்தல் என்பது சட்டம் வகுத்த ஏற்பாடு. அவைக்குத் தன் தலைவனைத் தேர்ந்துகொள்ளும் அறிவு வர நான்காண்டு ஆகும் என்று கணக்கிட்டவர் யாரோ! 1924 முதல் 1925இல் மறையும் வரை அந்நாற்காலியில் இருந்தவர் எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை. கல்வெட்டு, இலக்கிய ஆராய்ச்சியாளர் காலக் கணக்குக்கு நாடும் பஞ்சாங்கப் பெருநூலைச் செய்த அறிஞர் அவர். விண்மீன்களின் ஒழுங்கை அளந்தவர் உறுப்பினர்களின் ஒழுங்கையும் சிலகாலம் பார்த்தார்.

மத்தியச் சட்டமன்றத்தில் முதல் தேர்தல் 1925 ஆகஸ்டு 22ஆம் நாள் நடந்தது. விட்டல்பாய் பட்டேல் 58 வாக்குப் பெற்றார். எதிர்நின்ற சென்னைக்காரர் தி. ரங்காச்சாரியார் 56 வாக்குப் பெற்றார். இரண்டு வாக்கில் வென்ற பட்டேல் செய்த முதற்காரியம் தம் சுயராஜ்யக் கட்சியிலிருந்து விலகியது. வாக்களித்த கட்சியை வாக்கு எண்ணி முடித்தவுடன் விட்டுவருவது எளிதன்று. 1928 செப்டம்பரில் பொதுப் பாதுகாப்பு மசோதாவில் வாக்குகள் 61க்கு 61 எனச் சமமாக நின்றபோது, தம் ஒரு வாக்கை மசோதாவுக்கு எதிராக இட்டு அதை வீழ்த்தினார். அவர் நடுநிலை தவறினார் என்று அரசு தரப்பு முணுமுணுத்தது. நாட்டின் சட்டத்தை மாற்றவிரும்புவோர் அவையின் பெரும்பான்மையைப் பெற்றுக் காட்டவேண்டும், தலைவரின் வாக்கால் அதைப் பெறலாகாது என்ற பொதுநெறிக்கு அம்முடிவு ஒத்ததே.

சென்னையில் இதே காலத்தில் வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. 1926இல் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பெற்ற மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி துணைத்தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். பெண்கள் உறுப்பினராவதே புதுமையான காலத்தில், ஆடவர் நிறைந்த அவையை ஒரு பெண் நடத்தினார். 1927இல் அவர் தேவதாசி முறைக்கு எதிரான தீர்மானத்தைக் கொண்டுவந்தபோது அதை நாற்காலியிலிருந்து கொண்டுவரவில்லை. ஓர் உறுப்பினராக நின்றே வாதிட்டார். நடத்தும்போது நடத்துபவர், வாதிடும்போது வாதிடுபவர் என்ற பிரிவை அவர் காத்தார். 1930இல் காந்தியடிகள் சிறைப்பட்டபோது அனைத்தையும் துறந்து வெளியேறினார். 1937இல் அமைந்த சட்டப்பேரவையின் துணைத்தலைவரும் ஒரு பெண்ணே; ருக்மிணி லட்சுமிபதி. தொடக்கம் இவ்வாறிருந்தும், 1937 முதல் 2021 வரை பேரவைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றோர் வரிசையில் ஒரு பெண்ணின் பெயரும் இல்லை. 'துணை' என்ற சொல்லோடு பெண்ணை நிறுத்திக்கொள்வதில் சட்டமன்றமும் இலக்கிய மன்றமும் ஒத்துப்போகின்றன. நன்றியுரை இன்னும் பெண்களுக்கே ஒதுக்கப்படுகிறது. ஆனால் ஒரு கதவு அகலத் திறந்தது: 1946 முதல் 1955 வரை பேரவையை நடத்திய ஜே. சிவசண்முகம் பிள்ளை, ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவர். உத்திரமேரூர் மண்டபத்துக்குள் நுழையவும் விடப்பட்டிராத ஒருவர், மாகாணத்தின் பேரவையை ஒன்பதாண்டு அடக்கி நடத்தினார்.

பாகாயத்தை அடுத்த தொரப்பாடியில் நிற்கும் வேலூர் மத்தியச் சிறைக்கும் இவ்வரலாற்றில் ஓர் இடம் உண்டு. தனிநபர் சத்தியாக்கிரகக் காலத்தில், 1940 டிசம்பரில் கைதான காமராசர் அங்கு அடைக்கப்பட்டார். அவர் உள்ளே இருக்கும்போதே விருதுநகர் நகராட்சி அவரைத் தன் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. ஊர் தன் அன்பைக் காட்டிய முறை அது. அவையை நடத்த ஆள் வேண்டும் என்பதை அன்று அவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. 1941 நவம்பரில் விடுதலையான காமராசர் அப்பொறுப்பிலிருந்து விலகினார். முழுமையாக நிறைவேற்ற முடியாத பதவியை ஏற்கலாகாது என்பது அவர் சொன்ன காரணம். அழைப்பிதழில் பெயர் வந்தாற் போதும் என்பவர்களுக்கும் அவருக்கும் உள்ள வேறுபாடு இங்குத் தெரிகிறது. சிறப்பாகத் தரப்பட்டதை அவர் வேலையாகக் கணக்கிட்டுப் பார்த்தார், கணக்கு ஒத்துவரவில்லை, எழுந்துவிட்டார்.

திராவிட இயக்கம் இச்சிக்கலுக்குத் தனக்கே உரிய தீர்வைக் கண்டது. 1949 செப்டம்பர் 17ஆம் நாள் தி.மு.க. தொடங்கியபோது தலைவர் பதவி பெரியாருக்கென்று காலியாக விடப்பட்டது. அண்ணா பொதுச்செயலாளராகவே இருந்தார். 1969இல் மு. கருணாநிதி அதை ஏற்கும் வரை தலைவர் நாற்காலியில் எவரும் அமரவில்லை. ஆனால் பொதுக்குழு கூடினால் அதை நடத்த ஒருவர் வேண்டுமே! அதற்கென 'அவைத்தலைவர்' என்ற பொறுப்பு அமைந்தது. ஈ.வெ.கி. சம்பத் அப்பொறுப்பில் இருந்தவர். கட்சியை வழிநடத்துபவர் வேறு, கட்சியின் அவையை நடத்துபவர் வேறு என்ற இப்பிரிவு, மேலைநாட்டு விதிநூல்களைப் பார்த்து எழுதியதன்று. ஒரு மனத்தாங்கலிலிருந்து பிறந்தது. பிறப்பு எப்படியாயினும் விளைவு நல்லதே. தமிழ்ப் பேச்சுவழக்கில் 'அவைத்தலைவர்' என்ற சொல் இன்று ஊன்றி நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

விடுதலைக்குப்பின் வந்த அரசியலமைப்பு, நாற்காலியைப் பற்றி ஐயத்துக்கு இடமின்றி எழுத முயன்றது. மாநிலப் பேரவை தன் உறுப்பினருள் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்துகொள்ளும். அவரை நீக்கப் பதினான்கு நாள் முன்னறிவிப்பு வேண்டும். அத்தீர்மானம் ஆய்விலிருக்கும்போது அவர் அவையில் இருக்கலாம், பேசலாம், வாக்கும் அளிக்கலாம். தலைமை மட்டும் ஏற்கலாகாது. இவ்விதி முதன்முதல் சோதிக்கப்பட்டது நாடாளுமன்றத்தில். 1954 டிசம்பர் 18ஆம் நாள் மக்களவைத் தலைவர் மாவலங்கர் மீது நீக்கத் தீர்மானம் வந்தது. துணைத்தலைவர் மா. அனந்தசயனம் அய்யங்கார் அவையை நடத்தினார், தீர்மானம் தோற்றது, மாவலங்கர் தொடர்ந்தார். அய்யங்கார் பிறந்த திருச்சானூர் அக்காலத்தில் வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. 1911இல்தான் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. அந்த வகையில், தன் தலைவர் மீதான வழக்கைத் தலைவர் இல்லாமலே நடத்திக் காட்டும் முன்மாதிரியை நாட்டுக்குத் தந்தவர் இப்பக்கத்து மனிதர் எனலாம்.

இனி 1972. அக்டோபரில் தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்ட எம்.ஜி. இராமச்சந்திரன், அம்மாதம் 17ஆம் நாள் புதுக்கட்சி தொடங்கினார். பேரவையின் 234 இடங்களில் 184ஐ 1971இல் வென்றிருந்த ஆளுங்கட்சிக்குப் பெரும்பான்மை பற்றிய அச்சம் இல்லை. அச்சம் வேறிடத்திலிருந்து வந்தது. பேரவைத் தலைவர் கே.ஏ. மதியழகன், அண்ணாவோடு கட்சியைத் தொடங்கிய முன்னவர் ஐவருள் ஒருவர். நவம்பர் 13ஆம் நாள் அவை கூடியபோது, ஆட்சி மக்களிடம் புதிதாகத் தீர்ப்புப் பெறவேண்டும் என்ற கருத்தை அவர் நாற்காலியிலிருந்தே சொல்லி, அவையை டிசம்பர் 5க்கு ஒத்திவைத்தார். அரசு ஆளுநர் வழியாக அக்கூட்டத்தொடரை முடித்துவைத்து, டிசம்பர் 2ஆம் நாளே அவையை மீண்டும் கூட்டச் செய்தது. பேரவைத் தலைவரை நீக்கும் தீர்மானத்துக்கும் அறிவிப்புத் தரப்பட்டிருந்தது.

அன்று நடந்ததைப் போன்ற ஒன்று அதற்குமுன் தமிழகத்தில் நடந்ததில்லை. மதியழகன் தம் நாற்காலியில் அமர்ந்தார். அமைச்சரவை மீது நம்பிக்கையில்லை என்னும் தீர்மானத்துக்காக எம்.ஜி.ஆரைப் பேச அழைத்தார். ஆளுங்கட்சியினர், தம்மை நீக்கும் தீர்மானம் இருக்கும்போது அவர் தலைமை வகிக்கக்கூடாது என்றனர். துணைத்தலைவர் பெ. சீனிவாசன் அங்கேயே இடப்பட்ட வேறொரு நாற்காலியில் அமர்ந்து, பேரவைத் தலைவரை நீக்கும் தீர்மானத்தை நடத்தலானார். ஒரே மண்டபத்தில், ஒரே நேரத்தில், இரண்டு தலைவர்கள்; இரண்டு நிகழ்ச்சி நிரல்கள்; ஒருவர் அழைத்தவர் பேசியது மற்றவரின் அவைக்குக் கூச்சலாகக் கேட்டது. எம்.ஜி.ஆரும் அவரைச் சார்ந்தோரும் வெளியேறினர். நீக்கத் தீர்மானம் நிறைவேறியது.

யார் பக்கம் நியாயம்? அக்காலத்துக் கட்சிக்காரர்களுக்கு விடை எளிதாக இருந்தது. ஆர அமர நோக்கினால் அவ்வளவு எளிதன்று. 'தீர்மானம் ஆய்விலிருக்கும்போது' என்கிறது அரசியலமைப்பு. அறிவிப்புக் கொடுத்த நாளிலிருந்தே அது ஆய்விலிருப்பதாகுமா, அவையில் எடுத்துக்கொள்ளப்படும் கணத்திலிருந்தா? கணத்திலிருந்துதான் என்று கொண்டால், எடுத்துக்கொள்ளும் அந்தக் கணத்தை அறிவிப்பவர் யார்? நாற்காலியில் இருப்பவர். அவர் அதை அறிவிக்காமல் வேறொன்றை முதலில் எடுத்தால், விதி தன் வேலையைத் தொடங்கவே முடியாது. சூரத்தில் மால்வி நின்ற இடமும் இதுவே. எழுத்தளவில் மதியழகனுக்கு ஒரு வாதம் இருந்தது. ஆனால் தம்மைப் பற்றிய வழக்கு வாசலில் நிற்கும்போது மற்றொரு வழக்கை முன்னே அழைப்பது நடுவில் நிற்பவர் செயலாகாது. ஆட்சி மக்களிடம் செல்லவேண்டும் என்று நவம்பர் 13இல் சொன்னபோதே அவர் கருத்துடைய ஓர் உறுப்பினராகிவிட்டார். கருத்து நல்லதாயிருக்கலாம், அதைச் சொல்லத் தக்க இடம் அந்த நாற்காலி அன்று.

மறுபக்கத்தாரும் முறையோடு நடந்தார்கள் எனச் சொல்வதற்கில்லை. ஒரு நாற்காலி காலியாகுமுன் இன்னொன்றை இடுவது, அவைக்கு இருப்பது ஒரே நாற்காலிதான் என்பதை மறுப்பதாகும். 184 பேர் கொண்ட கட்சிக்கு அவ்வளவு விரைவு ஏன்? அவையின் பெரும்பான்மை தலைவரை நீக்கலாம். நீக்கும் வரை அவர் தலைவர். நாற்காலி அவையினுடையது என்றால், அது பெரும்பான்மையினுடையது என்று பொருளாகாது, சிறுபான்மையும் அவைதான். இதை இரு தரப்பாரும் அன்று மறந்தனர். வியப்பு என்னவெனில், இரண்டு நாற்காலிகளிலும் இருந்தோர் நேற்று வரை ஒரே கொடியின்கீழ் நின்றவர்கள். ஒரு கட்சிக் கூட்டத்தில் அவைத்தலைவர் மணியடித்தால் இருவருமே அமர்ந்திருப்பார்கள்.

இரண்டாம் நாற்காலியில் அமர்ந்த சீனிவாசனை நாடு முன்பே அறியும். 1967இல் விருதுநகர்த் தொகுதியில் காமராசரை 1,285 வாக்கு வேறுபாட்டில் தோற்கடித்த மாணவர் தலைவர் அவர். வேலூர்ச் சிறையிலிருந்து மீண்டு விருதுநகரின் நாற்காலியை விட்டு எழுந்தவரையும், முப்பதாண்டு கழித்துச் சென்னையில் புதிய நாற்காலி இட்டு அமர்ந்தவரையும் அதே ஊர்தான் தேர்ந்தெடுத்து அனுப்பியது.

தமிழகம் அன்று எழுப்பிய கேள்வியைச் சட்டம் நெடுநாள் கழித்தே எதிர்கொண்டது. 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம், உறுப்பினரைத் தகுதிநீக்கும் அதிகாரத்தையும் அவைத்தலைவரிடம் தந்தபின் நாற்காலியின் கனம் பன்மடங்காயிற்று. 1988 ஜனவரி 28ஆம் நாள் ஜானகி இராமச்சந்திரன் அமைச்சரவைக்கான வாக்கெடுப்பின்போது பேரவை மண்டபத்துக்குள்ளேயே காவலர் புகுந்ததும், இரண்டு நாளில் ஆட்சி கலைக்கப்பட்டதும் அந்தக் கனத்தின் விளைவுகளே. தம்மை நீக்க அறிவிப்பு நிலுவையில் இருக்கும்போது அவைத்தலைவர் பிறரைத் தகுதிநீக்கம் செய்யக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016இல் அருணாசலப் பிரதேச வழக்கில் தீர்ப்பளித்தது. அப்படியாயின் ஒரு காகிதத் துண்டைக் கொடுத்தே எந்தத் தலைவரின் கையையும் கட்டிவிடலாமே என்ற ஐயம் எழ, 2023இல் மகாராட்டிர வழக்கில் அத்தீர்ப்பை ஏழு நீதிபதிகள் அமர்வின் ஆய்வுக்கு அனுப்பியது. அறிவிப்பா, ஆய்வா, எந்தக் கணம் என்ற 1972ஆம் ஆண்டுக் கேள்விதான் மீண்டும் வந்து நின்றது.

டிசம்பர் 2க்குப் பிறகு பேரவை உடனே புதிய தலைவரைத் தேடவில்லை. சீனிவாசனே துணைத்தலைவராக இருந்தபடி சில மாதங்கள் நடத்தினார். 1973இல் பேரவை தேர்ந்தெடுத்தவர் செய்யாற்று உறுப்பினர் புலவர் கா. கோவிந்தன், 1969 முதல் 1971 வரை முன்னரே அந்நாற்காலியில் இருந்தவர். தமிழாசிரியராய் இருந்து அரசியலுக்கு வந்தவர். சங்கப் புலவர்களை ஒவ்வொருவராக எடுத்து 'சங்கத் தமிழ்ப் புலவர் வரிசை' எழுதியவர். காரணிகன் கிடைக்காமல் அலைந்த நாற்பத்தொன்பதின்மர் கதையை அந்த அவையில் நன்கறிந்தவர் அவராகத்தான் இருந்திருப்பார். 1976இல் அப்பேரவை கலைக்கப்படும் வரை அவரே அதை நடத்தினார்.